ஒரே சார்ஜில் வீடு வரை

ஆகஸ்ட் 9

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுவது. நான் நலம், என் தையல் மெஷினும் நலம். நீங்கள் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா, இல்லை வழக்கம்போல் கணக்குப் போட்டுக்கொண்டே பசியை மறந்துவிடுகிறீர்களா என்று தெரிய வேண்டும். கார் கம்பெனியின் சோதனைக்கூடத்திலேயே தங்க வேண்டும், போனையும் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள் என்றீர்கள். அதனால் பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு முதல் தடவையாகக் கடிதம் எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதீர்கள்.

ஒரு உதவி வேண்டும். நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு நோயாளிகள் உடுப்பும் படுக்கை விரிப்பும் தைத்துக் கொடுக்கும் வேலை எனக்குக் கிடைத்திருக்கிறது. செவ்வாய்தோறும் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு நானே ஓட்டிப் போகிறேன். எதிர்வீட்டு மாட்டு டாக்டர் தன் பழைய எலக்ட்ரிக் காரை விற்றார், வாங்கிப் போட்டுவிட்டேன். சின்ன வண்டி. முதல் நாள் அது ஓடுகிறதா நிற்கிறதா என்றே எனக்குத் தெரியவில்லை, அவ்வளவு அமைதி.

வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி நூற்றெட்டு கிலோமீட்டர். போக வர இருநூற்றுப் பதினாறு. வண்டியோ நூற்றெண்பதுக்கு மேல் தாங்க மாட்டேன் என்கிறது. ஆஸ்பத்திரியில் காருக்குப் பிளக் கொடுக்க மாட்டார்கள், நகரத்தில் சார்ஜ் போடும் இடமோ ஊரின் மறுகோடியில் இருக்கிறது. இரண்டு மெஷினில் ஒன்று செத்துக் கிடக்கும், இன்னொன்றுக்கு வரிசை நிற்கும். ஆஸ்பத்திரியை விட்டு அவ்வளவு நேரம் என்னால் நகர முடியாது. அதனால் திரும்பும்போது மலையடிவாரத்தில், வீட்டுக்கு இன்னும் முப்பத்தாறு கிலோமீட்டர் இருக்கையில், ஒரு பெட்ரோல் பங்கின் பின்பக்கச் சுவரோரம் நிறுத்தி, அங்கிருக்கும் சாதாரணப் பிளக்கில் செருகிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். மூன்று மணி நேரம். அந்தச் சுவரில் எத்தனை விரிசல் என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

ஒரே சார்ஜில் வீடு வந்து சேர வேண்டும், தம்பி. அந்த மூன்று மணி நேரம் எனக்கு வேண்டும். புது வண்டி வாங்கு, பெரிய பேட்டரி போடு என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

உங்கள் அண்ணன் ராக்கெட்டைக் கேட்டதாக எழுதச் சொன்னார். உங்களுக்கு வைத்த அந்தப் பெயரை அவர் விடுவதாக இல்லை.

அன்புடன்,
அண்ணி


ஆகஸ்ட் 21

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. கேன்டீன்காரர் புண்ணியத்தில் இரண்டு கிலோ ஏறியிருக்கிறேன். உங்களுக்கு முதுகுவலி தேவலையா? அண்ணனுக்கு ஒரு வரி எழுதக் கை வலிக்கிறதாமா?

உங்கள் கடிதம் பிரித்துத்தான் என் கைக்கு வந்தது. உள்ளே வருவதையும் வெளியே போவதையும் வாசல் அதிகாரி படித்த பிறகுதான் விடுவார். கடிதத்தில் எந்த எண் இருந்தாலும் அதை ஒரு நோட்டில் ஏற்றிக்கொள்வார். எங்கள் புதுக் காரைப் பற்றிய எண் ஏதாவது வெளியே போகப் பார்த்தால், அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்துவிடுவார். அதனால் அவருக்கு இங்கே கத்தரி என்று பெயர். என் கடிதத்தில் ஓட்டை இருந்தால் எலி வேலை என்று நினைக்காதீர்கள்.

நீங்கள் கேட்டிருப்பது என்ன தெரியுமா? இங்கே நாங்கள் இருநூறு பேர் வருஷக்கணக்காக மண்டையை உடைத்துக்கொள்வதே அதற்குத்தான். உங்கள் காரின் மாடல் எனக்குத் தெரியும். இப்போது அந்தப் பேட்டரியில் இருபத்தேழு யூனிட் தங்கினால் அதிகம். இருபத்தேழு யூனிட் என்றால் மூன்று லிட்டர் பெட்ரோலில் இருக்கும் சக்தி, அவ்வளவுதான். மூன்று தண்ணீர்ப் பாட்டில் அளவு. அதை வைத்துக்கொண்டு ஒன்றரை டன் இரும்பு மலை இறங்கி, நகரம் போய், திரும்ப மலையேறி வர வேண்டும். இதில் பதினைந்து வருஷம் ஊறியவன் நான். இன்னும் இதை நினைத்தால் கணக்கை மறுபடி ஒரு தடவை போட்டுப் பார்க்கிறேன்.

நூறு கிலோமீட்டருக்கு இப்போது பதினைந்து யூனிட் குடிக்கிறது. அதைப் பன்னிரண்டுக்குக் கொண்டுவந்தால் நிற்காமல் வீடு வரலாம். முதலில் சில கேள்விகள். கூரைமேல் கம்பிச் சட்டம் இருக்கிறதா? டயரில் காற்று எவ்வளவு? என்ன வேகத்தில் போகிறீர்கள்? ஹீட்டர், ஏசி ஓடுகிறதா? வண்டியில் மொத்தம் எத்தனை கிலோ சுமை? ஒவ்வொரு வாரமும் நோட்டில் குறித்து அனுப்புங்கள். இன்னொன்று, அண்ணனின் லாரியிலேயே மூட்டைகளைப் போட்டு அனுப்பலாமே, நீங்கள் ஏன் கஷ்டப்படுகிறீர்கள்?

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
தம்பி


செப்டம்பர் 3

அன்புள்ள தம்பிக்கு,

முதுகுவலி இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும். நீங்கள் இரண்டு கிலோ ஏறியது கேட்டுச் சந்தோஷம். இன்னும் இரண்டு ஏறுங்கள். உங்கள் கத்தரி ஐயா இதையும் படிப்பார் அல்லவா? அவருக்கும் என் வணக்கம். நானும் கத்தரி பிடிப்பவள்தான். துணியானாலும் காகிதமானாலும் ஓரம் பிசிறில்லாமல் வெட்டச் சொல்லுங்கள்.

கூரைமேல் சட்டம் இருந்தது. கழற்றி எறிந்தாகிவிட்டது. டயர் கடைக்காரம்மா காற்றைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "எத்தனை மாசமாச்சும்மா காத்தடிச்சு? நாலு டயரும் பட்டினி கிடக்குது" என்றார். எண்பத்தைந்தில் போகிறேன். சாலை காலியாக இருந்தால் தொண்ணூறு.

பின்னால் துணி மூட்டை நாற்பது கிலோ. அது ஆஸ்பத்திரியில் இறங்கிவிடும். முன் சீட்டில் எழுபத்தொரு கிலோ. அது போகும், திரும்பியும் வரும். ஆஸ்பத்திரியிலேயே எடை போட்டுச் சொல்கிறார்கள், அதனால் சரியான கணக்குத்தான். ஹீட்டர் ஓடுகிறது. அதை அணைக்க முடியாது.

சட்டமும் காற்றும் சேர்ந்து நூறு கிலோமீட்டருக்குப் பதினாலு புள்ளி ஒன்றுக்கு வந்திருக்கிறது. சுவரோரம் இப்போது இரண்டு மணி நேரம். எனக்கு நம்பவே முடியவில்லை, தம்பி. ஒரு ஸ்பானரையும் ஒரு காற்றுக் குழாயையும் வைத்து ஒரு மணி நேரத்தைச் சம்பாதித்துவிட்டோம்.

லாரி கொஞ்ச நாளாக ஷெட்டில் நிற்கிறது. அவர் இருக்கிறார்.

அன்புடன்,
அண்ணி


செப்டம்பர் 15

அன்புள்ள அண்ணிக்கு,

திடமாக இருக்கிறேன், நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். உங்கள் வணக்கத்தைக் கத்தரியிடம் சொன்னேன். அந்த மனிதர் சிரித்து நான் பார்த்தது இதுதான் முதல் தடவை.

ஹீட்டர் எதற்கு, செப்டம்பரில்? அதுதான் வீட்டுக்குள் இருக்கும் திருடன். மூவாயிரம் வாட் இழுக்கும். உங்களுக்கு உடம்புக்கு ஏதாவதா? இல்லையென்றால் ஒரு போர்வையைப் போர்த்திக்கொண்டு போங்கள். அப்படியும் குளிர்ந்தால் ஒரு வழி சொல்கிறேன். காரில் இருக்கும் காற்று முழுவதையும் சூடாக்கக் கூடாது, ஆளைத்தான் சூடாக்க வேண்டும். சீட்டின் பக்கவாட்டில் ஒரு பட்டன் இருக்கும். சீட்டை மட்டும் சூடாக்கும். ஒரு பழைய குண்டு பல்பு எரியும் செலவுதான்.

அடுத்தது வேகம். நேற்று இதை உங்களுக்கு எப்படிச் சொல்வது என்று நினைத்துக்கொண்டே விண்ட் டனலில் நின்றிருந்தேன். வீட்டளவு விசிறி ஒன்று காற்றை வீசும், கார் நடுவில் நிற்கும், காற்று போகும் வழி தெரிவதற்காக ஒரு நூல் புகையை விடுவார்கள். அந்தப் புகை காரின் மூக்கைத் தொட்டு, கண்ணாடியில் ஏறி, கூரையை ஒட்டிக்கொண்டே வந்து, பின்னால் போய்ச் சிக்கிச் சுழலும். அந்தச் சுழல்தான் காரைப் பின்னால் பிடித்து இழுக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஒன்று இவ்வளவு பலத்தோடு நம்மைப் பிடித்திருக்கிறதே என்று தோன்றும். வேகம் கூடக் கூட அதன் பிடி பல மடங்கு இறுகும். எண்பத்தைந்திலிருந்து அறுபத்தைந்துக்கு இறங்குங்கள். நேரம் அரை மணிக்கு மேல் கூடும்தான், ஆனால் சுவரோரம் அதைவிட அதிகமாக மிச்சமாகும்.

முன் சீட்டில் எழுபத்தொரு கிலோவைக் கொண்டுபோய்த் திரும்பவும் கொண்டுவருகிறீர்களா? என்ன அண்ணி, தையல் மெஷினையே தூக்கிக்கொண்டு ஊர் சுற்றுகிறீர்களா? தேவையில்லாததை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். அண்ணன் எழுதாமல் இருந்தால் நானும் இனி விசாரிக்கப் போவதில்லை என்று சொல்லுங்கள்.

அன்புள்ள,
தம்பி


அக்டோபர் 2

அன்புள்ள தம்பிக்கு,

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்கள் கோபத்தை அவரிடம் சொன்னேன். "கோச்சுக்கிட்டானா? அப்போ நல்லாத்தான் இருக்கான்" என்றார்.

பட்டன் இருந்தது. மாட்டு டாக்டர் ஐந்து வருஷம் வண்டி வைத்திருந்தும் அதைத் தொட்டதே இல்லையாம். ஹீட்டரைப் பாதியாகக் குறைத்துவிட்டேன். முன் சீட்டில் இருப்பதை மட்டும் விட்டுவிட்டுப் போக முடியாது, தம்பி. அதை இனிக் கேட்காதீர்கள்.

அறுபத்தைந்தில் போனேன். பின்னால் வந்த பஸ்காரர் ஹாரன் அடித்தே கையைத் தேய்த்திருப்பார். எனக்கு ஒன்று புரிந்தது. இந்த வண்டியை ஓட்டுவதும் தையல் மெஷினை மிதிப்பதும் ஒன்றுதான். மெல்லிய துணியை வைத்துக்கொண்டு திடீரென்று மிதித்தால் நூல் அறும், திடீரென்று விட்டால் தையல் சுருங்கும். பாதத்தை வைத்ததும் தெரியாமல் எடுத்ததும் தெரியாமல் மிதிக்க வேண்டும். முப்பது வருஷமாக அதைத்தானே செய்கிறேன்?

மலை இறங்கும்போது நடந்ததைச் சொல்ல வேண்டும். பிரேக்கைத் தொடாமல் பாதத்தை மெல்ல எடுத்தேன். வண்டி தானாக நிதானித்து இறங்கியது. திரையில் தொண்ணூறு சதவீதம் இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தொண்ணூற்றொன்று ஆனது. அடுத்த வளைவில் தொண்ணூற்றிரண்டு. அடிவாரத்துக்கு வந்தபோது தொண்ணூற்று மூன்று. யாரும் ஊற்றவில்லை, எங்கும் செருகவில்லை. மலை தானாகக் கொடுத்தது. இருபது வருஷமாகப் போய் வருகிற மலை. இத்தனை நாள் அது இறக்கத்தில் கொடுத்ததையெல்லாம் பிரேக்கில் தேய்த்துப் புகையாக்கியிருக்கிறோம் என்று நினைத்தபோது உடம்பு சிலிர்த்துவிட்டது. வாயைப் பிளந்துகொண்டு பார்த்தோம்.

நூறு கிலோமீட்டருக்குப் பன்னிரண்டு புள்ளி ஒன்பது. சுவரோரம் ஒரு மணி நேரம். முன் சீட்டில் அறுபத்தாறு.

அன்புடன்,
அண்ணி


அக்டோபர் 13

அன்புள்ள அண்ணிக்கு,

நலமாக இருக்கிறேன் என்பதைவிட, தரையில் கால் பாவாமல் இருக்கிறேன் என்பதுதான் சரி. உங்கள் நோட்டை எங்கள் தலைமைப் பொறியாளர் அம்மாவிடம் காட்டினேன். அவர் யாரையும் லேசில் பாராட்ட மாட்டார். பன்னிரண்டு புள்ளி ஒன்பதைப் பார்த்துவிட்டு, "யார் இந்த டிரைவர்? எந்தக் கம்பெனி?" என்று கேட்டார். "என் அண்ணி, தையல்காரர்" என்றேன். எங்கள் சோதனை டிரைவர்கள் ஆறு பேரையும் கூப்பிட்டு, மெல்லிய துணி பற்றி நீங்கள் எழுதியதை உரக்கப் படிக்க வைத்தார். அந்த மாடலில், அந்த மலையில், எங்கள் கம்ப்யூட்டர் சொன்ன எண் பதின்மூன்று புள்ளி நாலு. உங்கள் பாதம் கம்ப்யூட்டரைத் தோற்கடித்துவிட்டது. மலைத்துப் போய் உட்கார்ந்திருக்கிறோம்.

முன் சீட்டில் ஐந்து கிலோ குறைந்ததும் நல்ல செய்தி. சின்ன லாபம்தான், ஆனாலும் மலையேற்றத்தில் ஒவ்வொரு கிலோவும் பேசும். இன்னும் குறைக்க முடியுமா என்று பாருங்கள்.

இன்னும் ஒரு மணி நேரம்தான் பாக்கி. அதையும் எடுத்துவிடுவோம்.

பெருமையோடு,
தம்பி


நவம்பர் 17

அன்புள்ள தம்பிக்கு,

உடனே எழுத முடியவில்லை. வேலை அதிகம்.

குளிர் வந்துவிட்டது. வண்டி பழையபடி ஆகிவிட்டது. பதினாலு புள்ளி ஆறு காட்டுகிறது. பேட்டரியும் முன்போல் தாங்கவில்லை. என் பாதத்தில் தப்பில்லை, எவ்வளவோ கவனமாகத்தான் ஓட்டுகிறேன். சுவரோரம் மறுபடி மூன்று மணி நேரம். ஹீட்டரை முழுதாக வைக்க வேண்டியிருக்கிறது. போன வாரம் அங்கே உட்கார்ந்திருந்தபோது இனி என்னால் முடியாது என்று தோன்றியது.

முன் சீட்டில் ஐம்பத்தொன்பது. நீங்கள் சொன்னபடி குறைந்திருக்கிறது.

அண்ணி


நவம்பர் 25

அண்ணி,

நேற்று மத்தியானம் கத்தரி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நான் ஏதோ எண்ணை எழுதிவிட்டேன், வேலை போகப் போகிறது என்று பயந்துகொண்டே போனேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, "உட்காருங்க தம்பி" என்றார். மேஜைமேல் அந்த நோட்டைத் திறந்து வைத்திருந்தார்.

"நான் கடிதம் படிக்கிறது வெளிய போற நம்பருக்காகத்தான். உள்ள வர்ற நம்பரைப் பத்தி எனக்கென்ன? ஆனா இதைப் படிச்சதுலேர்ந்து ரெண்டு நாளா சாப்பாடு இறங்கலை" என்றார்.

மூன்று இடத்தில் விரல் வைத்தார். எழுபத்தொன்று. அறுபத்தாறு. ஐம்பத்தொன்பது.

"துணின்னா ஆஸ்பத்திரியிலேயே இறங்கியிருக்கணும். இது போகுது, திரும்பி வருது. செப்டம்பர்லேயே இதுக்குக் குளிருது. ஆஸ்பத்திரியில எடை போடுறாங்க. மாசத்துக்கு மாசம் இளைக்குது. உங்க அண்ணன் எத்தனை கிலோ இருப்பாரு?"

காற்றையும் ரப்பரையும் கிராம் கணக்கில் அளக்கத் தெரிந்த எனக்கு, மூன்று மாதமாகக் கண் முன்னால் இருந்தது தெரியவில்லை. இன்னும் குறைக்கப் பாருங்கள் என்று வேறு எழுதினேன். அதை எழுதிய கையை என்ன செய்வது என்று தெரியவில்லை.

முன் சீட்டில் இருப்பது அண்ணனா? ஒரு வரி எழுதுங்கள். எழுதினால் அன்றைக்கே கிளம்பி வருகிறேன்.

தம்பி


டிசம்பர் 4

அன்புள்ள தம்பிக்கு,

ஆமாம். அவர்தான்.

வயிற்றில் கட்டி. ஜூலையில் தெரிந்தது. புற்றுநோய் என்று டாக்டர் சொன்னபோது நான்தான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன், அவர் பிடிக்கவில்லை. செவ்வாய்தோறும் நாலு மணி நேரம் மருந்து ஏற்றுகிறார்கள். அந்த நேரம் என் கை அவர் கையில் இருக்க வேண்டும், அதனால்தான் நகர முடியாது என்று எழுதினேன். உடுப்பு தைக்கும் வேலை பொய்யில்லை. இவரைக் கூட்டிக்கொண்டு போய் வந்த இடத்தில், கிழிந்த உடுப்பு ஒன்றை நான் தைத்துக் கொடுத்ததைப் பார்த்து அங்கே இருந்த நர்ஸ் வாங்கிக் கொடுத்த வேலை.

உங்களிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிவிட்டார். "தெரிஞ்சா வேலையைப் போட்டுட்டு ஓடி வந்துடுவான். வந்து என்ன பண்ணப் போறான்? என் பக்கத்துல உக்காந்து அழுவான்" என்றார். உங்களிடம் பொய் எழுத எனக்கு மனம் வரவில்லை. அதனால் எடையை மட்டும் உண்மையாக எழுதினேன். நீங்களாகக் கண்டுபிடித்தால் சத்தியம் மீறியதாக ஆகாது என்று நினைத்தேன். ஒவ்வொரு கடிதத்திலும் எதிர்பார்த்தேன். இன்னும் குறைக்கப் பாருங்கள் என்று வந்ததைப் படித்தபோது அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் பின்கட்டுக்குப் போய் அழுதேன். ஒரு மாதம் உங்கள்மேல் கோபமாக இருந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். இப்போது இல்லை.

மருந்து ஏறிய பிறகு அவருக்கு உடம்பெல்லாம் நடுங்கும், வாந்தி வரும். அப்படியே அந்தச் சுவரோரம் மூன்று மணி நேரம், தம்பி. பேட்டரி ஏறுவதற்காக ஹீட்டரை அணைத்துவிடுவேன். என் மேல்கோட்டையும் அவருக்குப் போர்த்திவிட்டு எண்கள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். நோயை டாக்டர் பார்த்துக்கொள்கிறார். அந்த மூன்று மணி நேரத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

உங்கள் கடிதத்தை அவரிடம் படித்தேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "வர வேண்டாம்னு சொல்லு. அங்க இருந்துக்கிட்டே அந்த மூணு மணி நேரத்தை எடுத்துக் குடுக்கச் சொல்லு. அதை வேற யாராலும் முடியாது."

உங்கள் கத்தரி ஐயாவுக்கு நான் என்ன சொல்வது? சாப்பிடச் சொல்லுங்கள்.

அண்ணி


டிசம்பர் 16

அன்புள்ள அண்ணிக்கு, அண்ணனுக்கு,

இரண்டு பேரையும் சேர்த்தே விசாரிக்கிறேன். இனி இப்படித்தான்.

நான் வரவில்லை. பெட்டியைக் கட்டிவிட்டு அவிழ்த்தேன். அண்ணன் சொல்லை நான் கேட்டது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை என்று அவனுக்குத் தெரியும்.

தலைமைப் பொறியாளர் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுந்து போனார். மறுநாள் காலை பழைய வண்டிகள் நிற்கும் ஷெட்டிலிருந்து உங்கள் மாடல் கார் ஒன்றை இழுத்து வரச் செய்திருந்தார். புதுக் கார்களுக்கென்று ஒதுக்கிய விண்ட் டனலில் அரை நாள் அதை நிறுத்தினார். இருபத்திரண்டு பேர் கூடிவிட்டார்கள், அண்ணி. நான் யாரையும் கூப்பிடவில்லை. சோதனை டிரைவர்கள், விசிறி ஓட்டுபவர், பேட்டரிக்காரர்கள், கேன்டீன்காரர்கூட வந்து ஓரமாக நின்றார். புகையை விட்டோம். முன்பக்கம், நம்பர் பிளேட்டுக்குக் கீழே இருக்கும் திறப்பில் காற்று புகுந்து உள்ளே முட்டிக்கொண்டு நிற்பது தெரிந்தது. அதை ஒரு அட்டையால் மூடினோம். புகை அப்படியே வழுக்கிக்கொண்டு போனது. அத்தனை பேரும் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இத்துடன் அந்த மூடியின் மாதிரிக் காகிதம் இருக்கிறது. தடித்த கேன்வாஸில், மேளத்துத் தோல்போல விறைப்பாகத் தைத்துப் பொருத்துங்கள். உங்களுக்கு நான் அளவு சொல்வதா? குளிர்காலம் முடிந்ததும் கழற்றிவிட வேண்டும்.

இரண்டாவது, ராத்திரியே சார்ஜ் முடிந்துவிடக் கூடாது. கிளம்பும் நேரத்துக்குச் சற்று முன்னால் முடியும்படி நேரம் வையுங்கள். சார்ஜ் ஏறும்போது பேட்டரி சூடாகும், அந்தச் சூட்டோடு கிளம்ப வேண்டும். குளிர்ந்த பேட்டரி கையை இறுக மூடிக்கொள்ளும். காரின் உள்பக்கத்தையும் வீட்டு மின்சாரத்திலேயே சூடாக்கிவிடுங்கள்.

மூன்றாவது, ஹீட்டர் வேண்டாம். சீட்டு பட்டன் போதும், கூட இரண்டு வெந்நீர்ப் பைகள். திரும்பும்போது ஆஸ்பத்திரியிலேயே வெந்நீர் நிரப்பித் தருவார்கள். ஒன்று மடியில், ஒன்று பாதத்தில். வெந்நீர் பேட்டரியைத் தொடாது.

நாலாவது, இந்தச் சுருள். இருநூற்றுப் பதினாறு கிலோமீட்டரில் ஒவ்வொன்றுக்கும் என்ன வேகம் என்று எழுதியிருக்கிறோம். எந்த மேட்டுக்கு முன்னால் எவ்வளவு வேகம் சேர்க்க வேண்டும், எங்கே பாதத்தை எடுத்துவிட வேண்டும், எல்லாம் இருக்கிறது. நூற்றெண்பதாவது கிலோமீட்டரில் சுவர் வரும். அங்கே பேட்டரியில் இருபத்து நாலு சதவீதம் இருந்தால் நிற்காமல் மலையேறிவிடுங்கள். அண்ணன் படிக்கட்டும், நீங்கள் ஓட்டுங்கள். இருபத்தாறு வருஷம் லாரி ஓட்டியவன், சும்மா உட்கார்ந்து வருவது அவனுக்கும் பிடிக்காது.

இதில் நானூற்றுக்கும் மேற்பட்ட எண்கள் இருக்கின்றன. கத்தரி அத்தனையையும் படித்தார். கத்தரிக்கோலை மேஜைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, தானே உறையை ஒட்டினார்.

அண்ணா, எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும். ரொம்பப் பயமாக இருக்கிறது. அதை எழுதிவிட்டேன், இனி வேலையைப் பார்க்கிறேன்.

தம்பி


ஜனவரி 8

டேய் ராக்கெட்,

நான்தான். கை கொஞ்சம் நடுங்குகிறது, மெல்லப் படி. உடம்பு இன்றைக்குப் பரவாயில்லை. கட்டி சுருங்குகிறது என்று டாக்டர் சொல்கிறார், எவ்வளவு என்று இன்னும் சொல்ல மாட்டேன் என்கிறார். நீ நன்றாக இருக்கிறாயா? அந்த இருபத்திரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்களா?

உன் அண்ணி கேன்வாஸ் மூடியை மூன்று தடவை தைத்துப் பிரித்தாள். உன் சுருளை வைத்துக்கொண்டு முதல் வாரம் போனோம், சுவரோரம் முக்கால் மணி. அடுத்த வாரம் கால் மணி. நான் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் வேகத்தைப் படிப்பேன், அவள் தலையை ஆட்டுவாள். "அறுபத்தொண்ணு, இப்போ விடு" என்பேன். நான் "விடு" என்று சொல்லி முடிப்பதற்குள் அவள் பாதம் எடுத்திருக்கும். நான் எத்தனையோ டிரைவர்களோடு போயிருக்கிறேன்டா. இவளைப்போல் ஒருத்தரைப் பார்த்ததில்லை. இத்தனை வருஷம் என் லாரியில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவள், இவளுக்குள் இப்படி ஒரு டிரைவர் இருக்கிறாள் என்று எனக்குத் தெரியவே தெரியாது.

இன்றைக்குச் செவ்வாய். மருந்து ஏறி முடிந்தது, கிளம்பினோம். வெந்நீர்ப் பை மடியில். நான் படித்துக்கொண்டு வந்தேன். நடுக்கம் வந்தது, போனது. நூற்று நாற்பத்தேழாவது கிலோமீட்டர் வரைக்கும் படித்தது நினைவிருக்கிறது.

அடுத்தவர் ஓட்டும் வண்டியில் நான் கண் மூடியதே இல்லை. மூடினால் வண்டி பள்ளத்தில் போய்விடும் என்று ஒரு பயம், தொழில் புத்தி. இன்றைக்குத் தூங்கிவிட்டேன். யாரோ தோளைத் தொட்டார்கள். கண்ணைத் திறந்தால் நம் வீட்டுக் கதவு.

ஒரு நிமிஷம் எனக்கு எதுவும் புரியவில்லை. வெளிச்சம் இன்னும் இருந்தது. எதிர்வீட்டில் மாட்டு டாக்டர் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். "சுவர் எங்கடீ?" என்றேன். "அது போயிடுச்சு" என்றாள். "மலை?" "அதுவும் போயிடுச்சு." சுருள் என் காலடியில் விழுந்து கிடந்தது. மிச்சம் அறுபத்தொன்பது கிலோமீட்டரை, மலையேற்றத்தையும் சேர்த்து, யாரும் படித்துச் சொல்லாமல் ஓட்டியிருக்கிறாள். என்னை எழுப்பக் கூடாது என்று வாயைத் திறக்காமல் ஓட்டியிருக்கிறாள். திரையில் நாலு சதவீதம் இருந்தது. அவள் இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. கடவுளே இறங்கி வந்து தள்ளியிருந்தால்கூட வண்டி இவ்வளவு அலுங்காமல் வந்திருக்காது.

உள்ளே வந்து உட்கார்ந்தோம். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். செவ்வாய்க்கிழமை இந்த நேரத்தில் நாங்கள் வீட்டில் இருந்ததே இல்லை. "இப்போ என்ன பண்றது?" என்றாள். எனக்கும் தெரியவில்லை. அவள் அடுப்பில் தண்ணீர் வைத்தாள். நான் காகிதம் கேட்டேன்.

நீ எடுத்துக் கொடுத்த மூன்று மணி நேரத்தில்தான் இதை எழுதுகிறேன். இன்னும் ஒரு மணி நேரம் மிச்சம் இருக்கிறதடா.

அண்ணன்